அரைப்பேர்

கரவனெல்ல
16.06.2024

அன்பு நுஸ்காவுக்கு,

வெள்ளிக்கிழமை தோட்டத்து ஆபீசில் நான் சொல்லாததை முதலில் எழுதிவிடுகிறேன். அந்தச் சிங்கள வரியை எழுதியது நான் இல்லை என்று சொல்லவில்லை. எழுதியவள் நுஸ்கா என்று சொல்லவில்லை. அம்மா பேசியது அதை அல்ல என்றும் சொல்லவில்லை. முதல் இரண்டும் உனக்கு விளங்கும். மூன்றாவது ஏன் என் வாயில் வரவில்லை என்று விளங்கவைக்கத்தான் இந்தக் கடிதம்.

சுகம் விசாரிக்காமல் தொடங்கிவிட்டேன். நாளை உங்களுக்குப் பெருநாள். உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் என் வாழ்த்தைச் சொல்.

நான் இப்போது தோட்டத்து லயத்து வீட்டில் இல்லை. கரவனெல்லையில் சித்தியின் தையல்கடையில் இருக்கிறேன், ஆஸ்பத்திரிப் பக்கம். போனை அப்பா வாங்கிக் கொழும்புக்குக் கொண்டுபோய்விட்டார். கதை ஆறும்வரை பாடசாலைக்குப் போகவேண்டாம் என்கிறார்கள். தோட்டத்து விலாசத்துக்கு எழுதிவிடாதே, அங்கே தபால் எல்லாம் ஆபீஸ் வழியாகத்தான் வரும். கடை விலாசம் உறையின் பின்னால் இருக்கிறது.

நாம் ஊடகப் பாடச் செயற்திட்டத்துக்கு எடுத்த அந்தச் சின்ன வீடியோவைச் சிங்களப் பக்கம் ஒன்றுக்கு அனுப்பும்போது, "நம்மட டீச்சரும் நம்மட உம்மாமாரும்தான் பாப்பாங்க" என்று சிரித்தாய். தோட்டத்தை நடத்துகிற தொரையின் மேசையில் அது ஓடியபோது, பார்த்தவர்கள் மூன்று இலட்சம் என்று கீழே இருந்தது.

அம்மா றப்பர் பால்வாளியை இறக்கி வைத்துவிட்டுச் சொன்ன வசனம் ஞாபகம் இருக்கிறதா? "விடியக்காத்தால இருந்து மரத்தோட நின்னாலும், மழை விழுந்து பால் கொறஞ்சிச்சுன்னா எங்களுக்கு அரைப்பேருதாங்க போடுவாங்க." எனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது, உனக்குத் தெரியும். அதனால் அதன் கீழே நீ போட்டிருந்ததை நான் முதன்முதலில் தொரையின் வாயால்தான் கேட்டேன். 'எங்கள் பெயரில் பாதியைத்தான் எழுதுகிறார்கள்.'

நுஸ்கா, எங்களிடம் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். முழு நாளுக்கு முழுப்பேர். நிறை குறைந்தால் அரைப்பேர். பின்னேரம் லயத்தில் ஒருவரையொருவர் "பேர் போட்டாங்களா?" என்றுதான் கேட்டுக்கொள்வார்கள். நாம் இரண்டு பேரும் ஒரே தமிழ் பேசுகிறோம் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

தொரை பேர் பதிகிற செக்ரோலைத் திறக்கச் சொன்னார். கணக்கெழுதும் கிளாக்கரய்யா விரலை வைத்துக் காட்டினார். கிருஷ்ணராஜ் பிரேமலதா. ஓர் எழுத்துக் குறையவில்லை. "இது பாதியா?" என்று தொரை சிங்களத்தில் கேட்டார். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கிளாக்கரய்யா தமிழில் கேட்டார்.

"அரைப்பேருன்னு சொன்னியாம்மா?"

"ஆமாங்க. சொன்னேங்க."

"யாருக்கு?"

"எனக்குத்தாங்க. மழை பேஞ்ச அன்னைக்கு."

கிளாக்கரய்யா தொரை பக்கம் திரும்பி, "ஆமாம் என்கிறாள் சேர்" என்று மட்டும் சொன்னார். மழையை விட்டுவிட்டார்.

அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் அரைப்பேர் என்றால் என்னவென்று தெரியும். தொரைக்கும் தெரியும். மாதா மாதம் அந்தக் கணக்கில் கையெழுத்து வைப்பவர் அவர். பெயரைப் பாதியாக எழுதுகிறார்கள் என்ற பொய் அவருக்கு வசதியாக இருந்தது. புத்தகத்தைத் திறந்து காட்டினால் முடிந்தது. நான் வாயைத் திறந்து, 'அம்மா சொன்னது சம்பளத்தை' என்றிருந்தால் அம்மா பொய் சொன்னவள் என்பது போய், தோட்டத்தை மூன்று இலட்சம் பேருக்குக் காட்டிக்கொடுத்தவள் என்றாகிவிடும். அம்மாவின் பேர் செக்ரோலில் இருக்கும்வரைதான் லயத்தில் நாங்கள் இருக்கிற காம்பரா எங்களுக்கு. அப்பா கொழும்பில் கடையில் நிற்பவர். அவருக்கு அங்கே படுக்க ஒரு பலகைதான் இருக்கிறது.

காலையில் எல்லோரும் கூடுகிற பெரட்டுக்களத்தில் அம்மா நின்று, சொன்னது தவறு என்று சொல்ல வேண்டுமாம். அதை வீடியோ எடுத்து அதே பக்கத்துக்கு அனுப்ப வேண்டுமாம். இல்லாவிட்டால் பேரை வெட்டிவிடுவார்களாம்.

உன்னில் எனக்குக் கோபம் இல்லை. ஒரேயொரு கேள்வி. அந்த வசனத்தை எழுதும்போது என்னிடம் ஏன் கேட்கவில்லை?

உன்
சசி

*

மாவனல்லை
21.06.2024

என் சசிக்கு,

உன் கடிதத்தை உம்மா தந்ததும், கல்யாணக் கடுதாசி என்று நினைத்து எல்லோரும் சுற்றி நின்றார்கள். வாசிக்க வாசிக்க என் முகம் போன போக்கைப் பார்த்து ஒவ்வொருவராக எழும்பிப் போய்விட்டார்கள்.

ஏன் கேட்கவில்லை? அந்த வசனம் எனக்கு விளங்கிவிட்டது என்று நினைத்தேன், அதனால்தான். கேட்டவுடன் அழுகை வந்தது, சசி. ஒரு மனுஷியின் பெயரைக்கூட முழுதாக எழுதாத இடம் என்று. சிங்களத்தில் அது இன்னும் அழகாக வந்தது. மூத்தவர் நானாவின் மடிக்கணினியில் அதை மட்டும் எத்தனை தரம் திருத்தினேன் தெரியுமா? அழகாக வரும்போதே ஒரு தரம் சந்தேகப்பட்டிருக்கவேண்டும்.

ஸாஹிரா டீச்சர் உன்னைக் கேட்டார். சுகமில்லை என்றேன். போன கிழமை தொடர்பாடல் மாதிரிகள் படிப்பித்தார். அனுப்புநர், செய்தி, ஊடகம், பெறுநர். நடுவில் இரைச்சல். "இரைச்சல்னா சத்தம் மட்டுமில்ல புள்ளைகள், பாஷையும் இரைச்சலா மாறலாம்" என்றார். அதை அப்படியே எழுதிக்கொண்டேன். நோட்ஸை இத்துடன் வைத்திருக்கிறேன். என் கையெழுத்தைத் திட்டாமல் வாசி.

வீடியோவை எடுத்துவிடச் சொல்லி அந்தப் பக்கத்துக்கு எழுதினேன். பதில் இல்லை. இதற்குள் வேறு பக்கங்களும் எடுத்துப் போட்டுவிட்டன. நான் ஒரு திருத்தம் போடுகிறேன், சசி. 'மொழிபெயர்ப்பு என்னுடையது, பிழை என்னுடையது' என்று, என் பெயரோடு.

வாப்பாவிடம் சொன்னேன். "ஏன் ஒன்ட பேர வீடியோட கடைசில போட வாணாமென்டு சொன்னனென்டு இப்ப விளங்குதா மகள்? ஒரு முஸ்லிம் புள்ளைட பேரு அதுல வந்தா, கத தோட்டத்தப் பத்தினதா ஈக்காது. நம்மளப் பத்தினதா மாறும். நான் ஒரு தரம் கட எரியிறத்த பாத்த ஆள்" என்றார். பிறகு, "அந்தப் புள்ளைட உம்மாக்கு என்ன வேணுமென்டு கேளு" என்றார்.

கேட்கிறேன். என்ன வேண்டும்?

பெருநாள் வட்டிலப்பத்தை உனக்கென்று ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்தேன். நானா தின்றுவிட்டார்.

கண்ணீரோடு,
நுஸ்கா

*

கரவனெல்ல
30.06.2024

அன்பு நுஸ்கா,

நோட்ஸ் வந்தது. உன் கையெழுத்தில் 'இரைச்சல்' என்பது 'இறைச்சி' மாதிரி இருக்கிறது. கொஞ்ச நேரம் சிரித்தேன். அதற்கு நன்றி.

திருத்தம் போடாதே. வாப்பா சொல்வது சரி. உன் பெயர் வந்தால் அங்கே கடை போய்விடும், உண்மை வந்தால் இங்கே காம்பரா போய்விடும். இரண்டு பக்கமும் கதவு இருக்கிறது, இரண்டுமே நம் வீட்டுக்குள் திறக்கிற கதவு.

இங்கே என் நாள் எப்படிப் போகிறது என்று எழுதினால் உனக்கு அலுத்துவிடும். ஆஸ்பத்திரி ஊழியர்களின் சீருடைக்குக் கீழ்மடிப்புத் தைக்கிறேன். எல்லாம் ஒரே நிறம், ஒரே நீளம். துணியின் கீழே புத்தகத்தை விரித்து வைத்துக்கொள்வேன். சித்தி பார்த்துவிட்டால், "இப்பவே பொத்தான் வச்சுப் பழகு தாயி. பேப்பர்ல எழுதி யாரு என்னத்தக் கிழிச்சிருக்கா? நீ எழுதாமலே ஒங்கம்மா பொழப்பு கிழிஞ்சி கெடக்கு" என்பார். நல்லவர்தான். ராத்திரி எனக்கு முட்டை பொரித்து வைப்பவரும் அவரே.

போன ஞாயிறு லயத்துக்குப் போயிருந்தேன். கொழும்பிலிருந்து பெண்கள் அமைப்பு ஒன்று வந்திருந்தது. வீடியோவைப் பார்த்து மனம் உருகி வந்தவர்கள். ஒவ்வொரு பெண்ணுக்கும் அவளுடைய முழுப் பெயரைப் பெரிதாக எழுதிய அட்டை கொடுத்து, நெஞ்சில் பிடிக்கவைத்துப் படம் எடுத்தார்கள். எங்கள் ஆட்களுக்குச் சந்தோஷம். பக்கத்துக் காம்பரா அழகம்மா அக்கா மட்டும் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இதப் புடிச்சிக்கிட்டு நின்னா பேர் போடுவாங்களா?" என்று கேட்டார். லயமே சிரித்தது. அந்த மிஸ்ஸும் கூடச் சிரித்தார். எதற்கென்று அவருக்குத் தெரியாது.

உன் வாப்பா கேட்டதை அம்மாவிடம் சொன்னேன். "ஒன்னும் வேணாம்னு சொல்லு. பேர முழுசா எழுதுறாங்கன்னுதானே சொல்லச் சொல்றாங்க? எழுதத்தானே செய்றாங்க? அது பொய்யா? சொல்லிட்டுப் போறேன்" என்றாள். உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப்போகிறாள். அதைத் தடுக்க என்னிடம் ஒரு நியாயமும் இல்லை. ஆனால் அந்த உண்மை மழை நாள் ஒவ்வொன்றையும் மூடிவிடும்.

உன்
சசி

*

மாவனல்லை
06.07.2024

சசி,

அம்மாவை அப்படிச் சொல்ல விடாதே. இரண்டு நாளாக யோசித்துத்தான் எழுதுகிறேன்.

நாம் இன்னொரு வீடியோ எடுப்போம். உன் அம்மா ஒரேயொரு தரம் கமராவைப் பார்த்து, அரைப்பேர் என்றால் என்னவென்று சொன்னால் போதும். முகத்தைக் காட்டவேண்டாம், கையை மட்டும் எடுக்கலாம். இந்தத் தரம் ஒவ்வொரு சொல்லையும் உன்னிடம் கேட்டுத்தான் எழுதுவேன். என் பெயரையும் போடுவேன். வாப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மூன்று இலட்சம் பேர் பிழையானதைக் கேட்டு அழுதார்கள் என்றால் சரியானதைக் கேட்டு ஏதாவது செய்யமாட்டார்களா? இதற்குத்தானே ஊடகம் படிக்கிறோம்? நீதானே சொல்வாய், கேட்கப்படாத குரல் என்று. இப்போது நீயே வாயைப் பொத்துகிறாய். பயப்படுகிறாய் என்று எழுதினால் கோபிப்பாயா?

நுஸ்கா

*

கரவனெல்ல
21.07.2024

நுஸ்காவுக்கு,

கோபித்தேன். பிறகு, பயப்படுகிறேன் என்று ஒத்துக்கொண்டேன். என் அம்மாவின் கையை மட்டும் எடுத்தாலும் தோட்டத்தில் அந்தக் கையை எல்லோரும் அறிவார்கள். பால்வெட்டுக் கத்தி போன தழும்பு இருக்கிறது. உனக்கு அது ஒரு நல்ல காட்சி. அவளுக்குக் கை.

அதை விடு. மன்னிப்பு வீடியோ எடுத்தாயிற்று. எடுத்தவள் நான்.

வியாழக்கிழமை பெரட்டுக்களத்துக்கு வரச் சொன்னார்கள். ஆபீசில் யாருக்கும் கை நடுங்காமல் எடுக்க வராதாம். "நீ படிக்கிற பிள்ளைதானே, எடு" என்று கிளாக்கரய்யா தன் போனைத் தந்தார். நம் பாடத்தில் செயன்முறைப் பயிற்சிக்குப் புள்ளி உண்டு. இதற்கு எவ்வளவு போடுவார்கள்?

சிங்கள வசனத்தைத் தமிழ் எழுத்தில் எழுதித் தந்திருந்தார்கள். அம்மா அதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். பிறகு கிளாக்கரய்யா, "தமிழ்லயும் ஒன்னு சொல்லணும்மா, லயத்து ஆளுங்களும் கேக்கணும்னு தொரை சொல்றாரு" என்று இன்னொரு தாளை நீட்டினார். 'எமது முழுப் பெயரும் பதியப்படுகின்றது.'

"பதியப்... பதியப்படு... என்னங்கய்யா இது, கல்லுக் கடிக்கிறாப்புல இருக்கு?"

"வாசிக்காத. ஒன் வாயால சொல்லு."

அம்மா தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கமராவை நேராகப் பார்த்தாள். "எல்லா நாளும் எங்களுக்கு முழுப்பேருதாங்க போடுறாங்க" என்றாள்.

நான் நிறுத்தியிருக்கலாம். 'அம்மா, இன்னொரு தரம்' என்று ஒரு சொல் போதும். சொல்லவில்லை. கிளாக்கரய்யா அம்மாவை ஒரு கணம் பார்த்தார். வராந்தாவிலிருந்து தொரை "ஹரித?" என்று, சரியா எனக் கேட்டார். "ஹரி சேர்" என்று கிளாக்கரய்யா போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். தொரைக்குத் தமிழ் தெரியாது, தாளில் இருந்த முழுப் பெயரும் அம்மா சொன்ன முழுப்பேரும் அவர் காதுக்கு ஒன்றுதான். தாளில் இருந்ததையே கீழே சிங்களத்தில் எழுத்தாகப் போட்டது கிளாக்கரய்யா.

நுஸ்கா, நீ போட்டது பிழையான உண்மை. இது என்ன? மழையில் நனைந்து வந்து அரைச் சம்பளம் வாங்கிய என் அம்மா, எல்லா நாளும் முழுச் சம்பளம் என்று உலகத்துக்குச் சொல்லிவிட்டாள். லயத்துக்குத் திரும்பும்போது, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "நாக்கு வந்த வாக்குல சொல்லிச்சு" என்றாள்.

பேர் வெட்டமாட்டார்களாம். என்னைப் பாடசாலைக்கு அனுப்புவதாகவும் இல்லை. பரீட்சைக்குப் போனால் போதுமாம். பஸ் காசும் பேச்சும் மிச்சம் என்கிறாள் அம்மா.

சசி

*

மாவனல்லை
27.07.2024

என் சசி,

பார்த்தேன். ஒரு மாதத்துக்கு முந்திய நுஸ்காவாக இருந்தால் அந்த மன்னிப்பு வீடியோவில் ஒன்றும் விளங்கியிருக்காது. இப்போது உன் தமிழ் கொஞ்சம் தெரியும் என்பதால் எழும்பி உட்கார்ந்து திரும்பத் திரும்பக் கேட்டேன்.

உன் அம்மா பொய் சொல்லவில்லை. தொரையின் வாயால் ஒரு வாக்குறுதியைச் சொல்லிவிட்டாள். உனக்கு வெட்கமாக இருக்கலாம். எனக்கு மயிர் சிலிர்த்தது.

கை விஷயத்தில் நீ எழுதியதை வாசித்து வெட்கப்பட்டேன். மன்னித்துக்கொள். இனி நீ சொல்லாமல் ஒன்றும் எடுக்கமாட்டேன், போடமாட்டேன்.

நுஸ்கா

*

கரவனெல்ல
18.08.2024

அன்பு நுஸ்கா,

உன் கண்ணுக்குச் சுற்றிப்போட வேண்டும். நீ எழுதியதுதான் நடந்தது.

போன கிழமை நல்ல மழை. சிரட்டைகளில் பாலும் தண்ணீரும் கலந்து பாதிக்குமேல் கொட்டவேண்டியதாகிவிட்டது. கிளாக்கரய்யா நிறுக்கும் இடத்தில் அழகம்மா அக்கா முதல் ஆள். அம்மா நடித்துக் காட்டினாள். நான் எழுதினால் பாதிதான் வரும்.

"ஒம்பது கிலோதானே அழகம்மா. அரைப்பேர்."

"அரைப்பேரா? அய்யா, ஒங்க செல்லக் கொஞ்சம் எடுங்க."

"செல்லு எதுக்கு இப்ப?"

"அதுல எல்லா நாளும் முழுப்பேருன்னு பிரேமலதா சொல்லுதே. தொரைதானே சொல்லச் சொன்னாரு? அப்ப தொரை பொய் சொல்றாரா, நீங்க பொய் எழுதுறீங்களா?"

பின்னால் ஒருத்தி, "அக்கா, நான் வேணா வீடியோ எடுக்கவா?" என்றாளாம். எல்லோருக்கும் சிரிப்பு. கிளாக்கரய்யா குடையை எடுத்துக்கொண்டு பங்களாவுக்குப் போனார். திரும்பி வந்து ஒன்றும் பேசாமல் எழுதினார். எல்லோருக்கும் முழுப்பேர். அதற்குப் பிறகு வந்த மழை நாட்களிலும் அப்படித்தான்.

தொரை என்ன செய்வார்? வீடியோவைத் தானே பெருமையாக எல்லா இடத்துக்கும் அனுப்பியவர். வெளியே சொன்னால் அவருக்குத்தான் அவமானம். தோட்டத்தை வைத்திருக்கிற கொழும்புக் கம்பெனிக்குச் சொல்லாமல் சமாளிக்கிறாராம். இந்த மழைக்காலம் இப்படியே போகட்டும் என்று லயத்தில் யாரும் இதைப்பற்றி மூச்சு விடுவதில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அம்மா மழையைப் பார்த்துத் திட்டாமல் இருக்கிறாள். வாசலில் ஒழுகுவதற்குச் சட்டி வைக்கும்போது ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வைத்தாள். பாட்டு என்று பிறகுதான் விளங்கியது.

கம்பெனிக்குத் தெரிந்த அன்று இது முடிந்துவிடும். அதனால் உன்னை மட்டும் கேட்கிறேன். இதை யாரிடமும் சொல்லாதே. நல்லதற்கென்றுகூடச் சொல்லாதே.

நான் தைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் இந்தக் கிழமை துணி அவ்வளவு பாரமாக இல்லை.

உன்
சசி

*

மாவனல்லை
12.09.2024

சசி,

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். நேராக எழுதுகிறேன்.

தவணைப் பரீட்சையில் ஒரு கேள்வி வந்தது. 'தொடர்பாடலில் இரைச்சல் செய்தியின் பொருளை எவ்வாறு மாற்றுகின்றது? பொருத்தமான உதாரணத்துடன் விளக்குக.' பேனா தானாக ஓடியது. ஊர் பெயர் எழுதவில்லை, ஆள் பெயர் எழுதவில்லை. 'ஒரு றப்பர் தோட்டத்தில்' என்றுதான் தொடங்கினேன். அரைப்பேர், என் பிழை, மன்னிப்பு வீடியோ, நிறுக்கும் இடம், எல்லாம். விடைத்தாளை டீச்சர் மட்டும்தானே பார்ப்பார் என்று நினைத்தேன். அது சொல்வதாகவே எனக்குப் படவில்லை. பரீட்சை எழுதுவதாகத்தான் பட்டது.

ஸாஹிரா டீச்சருக்கு அது மறைக்கவேண்டிய கதை என்று தெரியாது. மிகச் சிறந்த விடை என்று வகுப்பில் வாசித்தார். அன்று நான் காய்ச்சலில் வீட்டில். மறுநாள் போனபோது அது சுவர்ப்பத்திரிகையில் இருந்தது, முக்தார் பாத்திமா நுஸ்கா என்று பெரிய எழுத்தில். கிழித்து எடுத்தேன். ஆனால் முந்தின நாளே யாரோ படம் எடுத்து, 'தொரையை மடக்கிய தோட்டத்துப் பெண்கள்' என்று பேஸ்புக்கில் போட்டுவிட்டார்கள். எல்லோரும் பாராட்டுகிறார்கள், சசி. அதுதான் தாங்கமுடியவில்லை.

வாப்பாவிடம் காட்டினேன். கடை பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அந்தப் புள்ளைட வீட்டுக்கு ஏதாச்சும் வருமா?" என்றுதான் கேட்டார். அவரைக் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கரவனெல்லைக்கு வரட்டுமா? தோட்டத்துக்கே வந்து தொரையின் முன்னால் நிற்கட்டுமா? நீ சொல்லாமல் ஒன்றும் செய்யமாட்டேன் என்று எழுதியவள் நான். இப்போதாவது கேட்டுவிட்டுச் செய்கிறேன். சொல்.

நுஸ்கா

*

கரவனெல்ல
06.10.2024

நுஸ்காவுக்கு,

உன் கடிதத்துக்கும், அதன் பிறகு வந்த இரண்டுக்கும் சேர்த்து இது பதில். நீ வரவேண்டாம். வாப்பாவிடம் என் நன்றியைச் சொல்.

சித்தியின் போனில் உன் விடையை வாசித்தேன். எழுத்து சின்னதாக இருந்தது, விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி முழுவதையும் வாசித்தேன். ஒரு பிழையும் இல்லை. அரைப்பேரை எங்கள் லயத்தில் பிறந்தவள்கூட அவ்வளவு தெளிவாக விளக்கியிருக்கமாட்டாள். அம்மா கமராவைப் பார்த்த இடத்தை நீ நேரில் பார்க்காமலே என்னைவிட நன்றாக எழுதியிருந்தாய். முழுப் புள்ளி போடவேண்டிய விடை. அதனால் உன்னோடு சண்டை போடவும் எனக்கு இடமில்லாமல் போய்விட்டது. பிழை செய்தவளோடு சண்டை பிடிக்கலாம். முதல் தரம் நீ பிழையாகச் சொன்னாய், எங்களுக்குக் கொஞ்சம் ஒளிந்துகொள்ள இடம் இருந்தது. இந்தத் தரம் சரியாகச் சொல்லிவிட்டாய்.

அந்த விடையில் வருகிற பெண்ணை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தைரியசாலி, புத்திசாலி. அவள் ஒரு நல்ல உதாரணம். என் அம்மா உதாரணமாக இருக்க ஆசைப்பட்டதில்லை. நனைந்த நாளுக்கும் முழுப்பேர் வேண்டும் என்று மட்டும் ஆசைப்பட்டாள். படத்தை அவளுக்குக் காட்டினேன். முழுவதும் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். "நல்ல புள்ள. நல்லாத்தான் எழுதியிருக்கு" என்றாள். பிறகு, "நீ ஏன் அந்தப் புள்ளைக்குச் சொன்ன?" என்று கேட்டாள்.

நான் இனி எழுதமாட்டேன் என்று சபதம் எதுவும் செய்யவில்லை. எழுத உட்கார்ந்தால், இதை நீ எங்கே வைப்பாய் என்று முதலில் தோன்றுகிறது. அந்த எண்ணம் வந்த பிறகு கடிதம் வருவதில்லை. பரீட்சை மண்டபத்தில் பார்த்துக்கொள்வோம். ஊடகப் பாடத்துக்கு நான் வருவேன். உன் நோட்ஸ் எல்லாவற்றையும் படித்துவிட்டேன்.

நடந்ததை நீ வேறு யாரிடமும் கேட்டுத் திரியாமல் நானே எழுதிவிடுகிறேன். கம்பெனியிலிருந்து இரண்டு பேர் காரில் வந்தார்கள். கிளாக்கரய்யாவை இரத்தினபுரிப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். அம்மாவிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. காம்பராவையும் இன்னும் கேட்கவில்லை. முதலாம் திகதியிலிருந்து எங்கள் தோட்டத்தில் அரைப்பேர் இல்லை, முழுப்பேரும் இல்லை. மரங்களைக் குடும்பத்துக்குக் குடும்பம் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள், இனி நாள் சம்பளம் இல்லை, கிலோவுக்குத்தான் காசு. சனி ஞாயிறுகளில் நானும் போய்ச் சிரட்டை கழுவுகிறேன்.

ஐப்பசி மழை முன்கூட்டியே தொடங்கிவிட்டது. மழை பெய்கிற நாளில் அம்மா வேலைக்குப் போவதில்லை, போனாலும் நிறுக்கப் பால் இருக்காது. ஏன் வரவில்லை என்று யாரும் கேட்பதும் இல்லை.

இப்படிக்கு,
கி. சசிரேகா